தமிழ் மேஜர் எடுக்கலாமா? ஐந்து வழிகளும் அவற்றின் கணக்கும்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பிள்ளை கேட்டால், "எனக்குத் தமிழ் பிடிக்கும், பி.ஏ. தமிழ் சேரலாமா?" என்று வரும். பெற்றோர் கேட்டால், "தமிழ் படிச்சா சோறு போடுமா சார்?" என்று வரும். இரண்டுக்கும் ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களிடம் மறுபடி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: பள்ளித் தமிழாசிரியர் வேலைக்கு இளங்கலை எதில் இருக்க வேண்டும்? கல்லூரி வேலைக்கு? இந்த இடத்தில் பலரும் தடுமாறுவார்கள். என் பார்வையில் முடிவு செய்ய வேண்டியதும் இங்கேதான். தமிழும் அதை ஒட்டிய மொழிப் படிப்பும் படிக்க வழி ஒன்றல்ல, குறைந்தது ஐந்து இருக்கிறது. எந்த வழியில் போனால் எந்தக் கதவு திறக்கும், எது சாத்திக்கொள்ளும் என்பது பதினேழு வயதில் தெரிந்தால், இருபத்தேழு வயதில் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்பட மாட்டோம்.

தமிழ்நாட்டில் இருந்து சேருகிறவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் அளவுகோல், போக நினைக்கும் வேலை எந்தப் பட்டத்தைக் கேட்கிறது என்பது. பள்ளிக்கல்வித் துறை உங்கள் இளங்கலையைப் பார்க்கும். கல்லூரி முதுகலையைப் பார்க்கும். டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி இரண்டும் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதோ ஒரு பட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். கணினி நிறுவனம் பட்டத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "என்ன செய்து காட்டுவீர்கள்?" என்று கேட்கும்.

இரண்டாவது, முதல் சம்பளம் வரை எத்தனை ஆண்டு. மூன்றாவது, செலவும் உதவித்தொகையும். நான்காவது, நடுவில் மனம் மாறினால் திரும்பி வர வழி இருக்கிறதா. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை: அன்றாடம் மேசையில் என்ன கிடக்கும்? கவிதை எழுதுகிற ஆசையில் தமிழ் எடுத்தவர், முதல் பருவத்தில் கையில் நன்னூலைப் பார்த்ததும் முகம் வாடுவதுண்டு.

முதல் அளவுகோலை மட்டும் அட்டவணையாகப் போட்டுவிடுகிறேன். மற்றவை அந்தந்த வழியோடு வரும்.

| போகும் இடம் | இளங்கலை | முதுகலை | கூடுதலாக |
|---|---|---|---|
| 6 முதல் 10ஆம் வகுப்புத் தமிழாசிரியர் (பட்டதாரி ஆசிரியர்) | தமிழ் | கட்டாயம் இல்லை | பி.எட்., டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாள், டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) போட்டித் தேர்வு |
| பிளஸ் ஒன், பிளஸ் டூ தமிழாசிரியர் (முதுகலை ஆசிரியர்) | தமிழ் | தமிழ் | பி.எட்., டிஆர்பி தேர்வு |
| கல்லூரி உதவிப் பேராசிரியர் | எதுவாகவும் இருக்கலாம் | தமிழ், 55 விழுக்காடு | நெட் அல்லது செட் (தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகள்), இல்லையேல் பிஎச்.டி. |
| குரூப் 1, குரூப் 2, ஐ.ஏ.எஸ். | எதுவாகவும் இருக்கலாம் | வேண்டாம் | போட்டித் தேர்வு |
| கல்வெட்டு, சுவடி ஆய்வு | தமிழ் அல்லது வரலாறு நல்லது | தமிழ், தொல்லியல், கல்வெட்டியல் | பட்டயப் படிப்பு |
| மொழித் தொழில்நுட்பம் | கணினி அல்லது மொழி | மொழியியல், கணினி மொழியியல் | நிரல் எழுதத் தெரிய வேண்டும் |

## 1. கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ்

பலரும் போகிற வழி இது. மூன்று ஆண்டு. அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் ஒரு பொருட்டே இல்லை. அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளித் தமிழ் வழியிலும் படித்து வந்தவர்களுக்கு, பெண்பிள்ளை என்றால் புதுமைப் பெண் திட்டம், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டம், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. இந்தப் பணம் எந்தப் பட்டம் படித்தாலும் வரும். ஆனாலும் பி.ஏ. தமிழில் வீட்டுச் செலவுக் கணக்கே வேறு மாதிரி ஆகிவிடும். பேருந்துக் கட்டணத்தைத் தவிர மிகுதியாக ஒன்றும் கையைக் கடிக்காது.

பாடம் எப்படி இருக்கும்? இக்கால இலக்கியம், சிற்றிலக்கியம், பக்தி இலக்கியம், காப்பியம், சங்க இலக்கியம் என்று பின்னோக்கிப் போகும். கூடவே இலக்கணம்: நன்னூல், யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம், பிறகு உரையாசிரியர்களோடு தொல்காப்பியம். யாப்பு வகுப்பில் முதல் வாரமே அலகிடச் சொல்வார்கள். "கற்க கசடறக் கற்பவை" என்று எல்லாருக்கும் மனப்பாடமான குறளைக் கரும்பலகையில் எழுதிச் சீர் பிரித்து, "கற்-க, நேர் நேர், தேமா, கச-டறக், நிரை நிரை, கருவிளம், கற்-பவை, நேர் நிரை, கூவிளம்" என்று போய், கடைசிச் சீரான "தக" தனி நிரையாக நின்று "மலர்" என்னும் வாய்பாட்டில் முடிவதைக் காட்டுவார் ஆசிரியர். அந்த இடத்தில் ஒரு பிள்ளைக்குக் கண் விரிந்தால் அது தமிழ் மேஜருக்குப் பிறந்த பிள்ளை. கொட்டாவி வந்தால் அதுவும் ஒரு தகவல்தான். வகுப்பில் பாதிப் பேர் வேறு மேஜர் கிடைக்காமல் வந்தவர்களாக இருப்பார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அவர்களில் சிலர்தான் மூன்றாம் ஆண்டில் முதல் மதிப்பெண் எடுக்கிறார்கள் என்பதும் உண்மை.

திறக்கும் கதவுகள். பள்ளி வேலைக்கு இதைவிட நேரான வழி இல்லை. 2006இல் வந்த தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2015-16இல் அது பத்தாம் வகுப்பைத் தொட்டது. அதனால் முன்பு தமிழ் இல்லாமலேயே ஓட்டிக்கொண்டிருந்த மெட்ரிக் பள்ளிகளுக்கும் தமிழாசிரியர் தேவைப்படுகிறார். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 36,400 ரூபாயில் தொடங்குகிறது. முதுகலை ஆசிரியருக்கு 36,900.

தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காட்டு முன்னுரிமையும் இங்கே துணைக்கு வரும். 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியாக இருந்தாக வேண்டும். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழி படித்த பிள்ளை, கல்லூரியில் ஆங்கில வழிப் பட்டத்துக்குத் தாவினால், பட்டப்படிப்புத் தகுதி கேட்கும் பதவிகளில் இந்த முன்னுரிமையை இழந்துவிடும். சேரும்போது இதைக் கணக்கில் எடுப்பவர் குறைவு.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது காலம். பி.ஏ. மூன்று, பி.எட். இரண்டு, ஆக ஐந்து. முதுகலையும் வேண்டுமென்றால் ஏழு. அதன் பிறகு தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலம். முன்பெல்லாம் டெட்டில் தேறினால் வேலை கிடைத்துவிடும் என்ற எண்ணம் இருந்தது. 2018இல் வந்த அரசாணை, பட்டதாரி ஆசிரியர் பணிக்கு டெட்டுக்கு மேல் இன்னொரு போட்டித் தேர்வையும் வைத்துவிட்டது.

இரண்டாவது, டெட் தாளின் அமைப்பு. தமிழாசிரியர் ஆவதற்கு எழுதும் 150 மதிப்பெண் தாளில் தமிழுக்கு 30தான். ஆங்கிலத்துக்கு 30, குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, மீதி 60 சமூக அறிவியல் அல்லது கணக்கு-அறிவியல். மூன்று ஆண்டு தொல்காப்பியமும் காரிகையும் படித்தவர் கடைசியில் முகலாயர் நிர்வாகத்தையும் இந்திய ஆறுகளையும் படிக்க உட்கார வேண்டும். முதல் ஆண்டிலேயே பழைய சமச்சீர்ப் புத்தகங்களை ஒரு மூலையில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

மூன்றாவது ஆங்கிலம். பட்டப்படிப்பில் பகுதி இரண்டு என்று ஆங்கிலப் பாடம் இருக்கிறது என்றாலும், பல கல்லூரிகளில் அது நோட்ஸ் எழுதித் தேறும் பாடமாகிப் போனது. தமிழ் மேஜர் பிள்ளைகள் பின்னால் வருந்துவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஆய்வுக்குப் போனாலும், மொழிபெயர்ப்புக்குப் போனாலும், பதிப்பகத்துக்குப் போனாலும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தமிழ்ப் பட்டதாரிக்குப் பாதிக் கதவு சாத்தியே இருக்கும்.

நான்காவது தனியார் பள்ளிச் சம்பளம். அரசு வேலை வரும் வரை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், பல பள்ளிகளில் தொடக்கச் சம்பளம் அரசுச் சம்பளத்தில் பாதியைக்கூடத் தொடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

பி.லிட். பற்றியும் கேட்பார்கள். பழைய புலவர் கல்லூரி மரபில் வந்த பட்டம் அது. கரந்தை, பேரூர், மயிலம் போன்ற இடங்களில் சங்கமோ மடமோ நடத்திவந்த தமிழ்க் கல்லூரிகள் இந்த மரபைச் சேர்ந்தவை. இலக்கணத்தில் ஊன்றிப் படிக்க நல்ல இடங்கள். அங்கே இப்போது தரும் பட்டம் பி.லிட்.டா பி.ஏ.வா, எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

யாருக்கு ஏற்றது. பள்ளி ஆசிரியர் ஆவதுதான் குறி என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு. முழுப் பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் முடித்தவருக்கு. வீட்டில் கட்டணம் கட்ட வழி இல்லாதவருக்கு. போட்டித் தேர்வுக்காகத் தமிழ் எடுக்கிறேன் என்பவரிடம் ஒன்று சொல்ல வேண்டும். குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ்தான். ஆனால் அது பத்தாம் வகுப்புத் தரத்துத் தமிழ். அதற்கு மூன்று ஆண்டு மேஜர் தேவையே இல்லை. பி.எஸ்சி. கணிதப் பிள்ளையும் அதில் 90க்கு மேல் எடுக்கிறது, மிச்சமுள்ள திறனறிவுக் கேள்வியிலும் முந்திக்கொள்கிறது.

## 2. ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலை

பிளஸ் டூ முடித்ததும் நேரே முதுகலைக்குச் சேர்ந்துவிடும் ஏற்பாடு. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம், சென்னை தரமணியில் உள்ள உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் ஆகியவை இதற்குப் பெயர் பெற்றவை. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981இல் தொடங்கியது, உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் 1970இல். இரண்டும் ஆராய்ச்சிக்காகவே உருவான இடங்கள். அதனால் வகுப்பறைக்குப் பக்கத்திலேயே வேலை நடப்பதைப் பார்க்கலாம். தஞ்சையில் ஓலைச்சுவடித் துறையும் கல்வெட்டியல் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. சுவடியை எண்ணெய் தடவித் துடைத்து, வரி வரியாகப் பெயர்த்து எழுதுவதைப் பதினெட்டு வயதில் பக்கத்தில் நின்று பார்க்கும் வாய்ப்பு மாவட்டக் கல்லூரியில் எளிதில் கிடைக்காது. தரமணியில் தேர்வின் வழி எடுக்கப்படும் சிலருக்கு மாத உதவித்தொகையும் தருகிறார்கள்.

ஆய்வுக்குப் போகிறவருக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம், எந்தத் துறையில் ஊன்றலாம் என்பதை மூன்றாம் ஆண்டுக்குள் கண்டுகொள்ள முடிவது. நெட் தேர்வுக்கும் அங்கிருந்தே தயாராகலாம். ஜேஆர்எப் (நெட் வழி கிடைக்கும் ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தமிழில் முனைவர் பட்டம் செய்ய இதைப் போல் கௌரவமான வழி வேறில்லை. ஜேஆர்எப் இல்லாமல் பிஎச்.டி.யில் நுழைந்தவர்கள் கையில் காசில்லாமல் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஜேஆர்எப்புக்குப் பொதுப்பிரிவில் வயது உச்சவரம்பு 30. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டு தளர்வு உண்டு.

மறைந்திருக்கும் செலவு. மூன்றாம் ஆண்டில் வீட்டில் ஏதாவது நேர்ந்து நிறுத்த வேண்டி வந்தால் என்ன ஆகும்? இளங்கலைப் பட்டம் தனியாகத் தந்து அனுப்புவார்களா? ஐந்தாண்டு முடித்தவருக்குக் கையில் இரண்டு பட்டச் சான்றிதழா, ஒன்றா? பள்ளி வேலைக்கு இளங்கலையும் முதுகலையும் தனித்தனியாகக் கேட்கும் இடத்தில் இந்த ஒற்றைச் சான்றிதழ் செல்லும் என்பதற்கு அரசாணை இருக்கிறதா? சேர்க்கை நாளில் அலுவலகத்தில் இந்த மூன்றையும் கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை வராதுப்பா" என்னும் வாய்ப்பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள்.

இன்னொன்று, வகுப்புத் தோழர்கள் எல்லாரும் ஒரே பாடத்துக்காரர்கள். கணினி படிப்பவனும் வணிகவியல் படிப்பவளும் டீக்கடையில் ஒன்றாக உட்காரும் கலைக் கல்லூரிச் சூழல் இங்கே கிடைக்காது. உலகம் சற்றுச் சுருங்கிப் போகும்.

கல்லூரிப் பேராசிரியர், ஆய்வாளர், சுவடி-கல்வெட்டு வேலை என்று மனத்தில் தெளிவாக இருந்தால் நான் இதையே சொல்வேன். "தமிழ் பிடிக்கும், பிறகு பார்க்கலாம்" என்ற நிலையில் உள்ளவர் முதல் வழிக்கே போகட்டும்.

## 3. வேறு பட்டம், பிறகு தமிழ் முதுகலை

வீட்டுச் சண்டையைத் தீர்த்துவைக்கும் வழி இது. அப்பாவுக்கு பி.காம்., பிள்ளைக்கு எம்.ஏ. தமிழ். இளங்கலையில் பகுதி ஒன்றில் தமிழ் படித்தவர்களை முதுகலைத் தமிழுக்குச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகள் பல உண்டு. நெட் தேர்வு முதுகலையை மட்டுமே பார்க்கும். ஆகவே கல்லூரி வேலைக்கு இந்த வழியில் தடை இல்லை.

ஆனால் பள்ளி வேலை? முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்து எம்.ஏ. தமிழில் தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும், பிளஸ் டூ தமிழாசிரியர் பணிக்கு கிராஸ் மேஜர் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். பட்டதாரி ஆசிரியருக்கும் இதே கதைதான், இளங்கலை தமிழில் இருக்க வேண்டும். இந்த வழியில் போகிறவர்கள் அறியாமல் கட்டும் பெரிய விலை இதுதான். முன்பே தெரிந்து, "எனக்குப் பள்ளி வேலை வேண்டாம்" என்று போகிறவருக்கு இதில் நட்டமில்லை.

இரண்டாவது விலை, அடித்தளம். மூன்று ஆண்டு நன்னூலும் காரிகையும் படித்து வந்தவர்களோடு முதுகலை வகுப்பில் உட்காரும்போது, முதல் பருவம் மூச்சுத் திணறும். விடுமுறையில் நன்னூல் எழுத்ததிகாரத்தையாவது உரையோடு ஒருமுறை முடித்துவிட்டுப் போவது நல்லது.

மற்றபடி எனக்கு இந்த வழியின் மேல் தனி அன்பு உண்டு, மறைக்கவில்லை. வரலாறு படித்துவிட்டுத் தமிழுக்கு வருகிறவர் கல்வெட்டில் வேறொன்றைக் காண்கிறார். தாவரவியல் படித்தவர் குறிஞ்சிப்பாட்டில் வரும் பூப்பட்டியலை வேறு விதமாகப் படிக்கிறார். ஆங்கில இலக்கியம் படித்தவருக்கு ஒப்பிலக்கியத்திலும் மொழிபெயர்ப்பிலும் பாதி வேலை முடிந்தே இருக்கும். தமிழ்த் துறைக்கு வெளியில் இருந்து வந்தவர்கள் தமிழாய்வுக்குச் செய்தது குறைவில்லை.

ஐ.ஏ.எஸ். நினைப்பில் இருப்பவருக்கும் இது பொருந்தும். யுபிஎஸ்சியில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுக்கத் தமிழ்ப் பட்டம் வேண்டியதில்லை. 2013இல் அப்படியொரு நிபந்தனையைக் கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். இரண்டு தாள், 500 மதிப்பெண். பாடத்திட்டமும் எல்லை கட்டிக் கொடுத்தது: குறுந்தொகையில் முதல் 25 பாட்டு, புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலப்பதிகாரத்தில் மதுரைக் காண்டம், கம்பனில் கும்பகர்ணன் வதைப்படலம் என்று போகும். பொறியியல் படித்த பிள்ளையும் ஒழுங்காக உட்கார்ந்தால் ஓர் ஆண்டில் முடித்துவிடலாம்.

தொலைநிலைக் கல்வி பற்றியும் ஒரு வார்த்தை. 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதிக்கிறது. பகலில் பி.காம்., தொலைநிலையில் பி.ஏ. தமிழ் என்று போட்டுப் பார்க்கத் தோன்றும். யுஜிசி அனுமதிப்பது வேறு, வேலை தரும் துறை ஏற்பது வேறு. போக நினைக்கும் பதவியின் கடைசி அறிவிக்கையை எடுத்துத் தகுதிப் பகுதியை முழுதாகப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

## 4. மொழியியல்

"இலக்கியம் அவ்வளவாக ஒட்டவில்லை, ஆனால் மொழி எப்படி வேலை செய்கிறது என்பது பிடிக்கிறது" என்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தமிழ்த் துறைக்கு அனுப்பிவிட்டு, ஆர்வமில்லை என்று குறை சொல்வதில் பொருளில்லை. அவர்கள் இடம் மொழியியல்.

வேறுபாட்டை ஒரே தொடரில் காட்டலாம். "வரச் சொன்னாங்க." தமிழ் வகுப்பில், "வர" என்னும் எச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும், ஆகவே நடுவில் "ச்" வந்தது, "சொன்னாங்க" பேச்சு வழக்கு, எழுத்தில் "சொன்னார்கள்" என்று திருத்துவார்கள். மொழியியல் வகுப்பில் யாரும் திருத்த மாட்டார்கள். இதைச் சொன்னது யார், எந்த ஊர், எந்த வயது என்று கேட்பார்கள். வரப்போவது யார், சொன்னது யார், தொடரில் அவர்கள் எங்கே மறைந்திருக்கிறார்கள் என்று தொடரைக் கிளை கிளையாகப் பிரித்து மரப்படம் வரைவார்கள். "சொன்னாங்க"வில் இருப்பது பலரா, மரியாதைக்குரிய ஒருவரா என்பதைப் பேச்சைப் பதிவு செய்து ஆராய்வார்கள். முதல் அணுகுமுறை பிடித்தால் தமிழ். இரண்டாவது பிடித்தால் மொழியியல்.

தமிழ்நாட்டில் மொழியியல் பெரும்பாலும் முதுகலையில்தான் தொடங்கும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம் திராவிட மொழி ஆய்வில் நெடுங்காலப் பெயர் உடையது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் துறை உண்டு. வெளியே போகலாம் என்றால் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், புனே டெக்கான் கல்லூரி, ஜேஎன்யூ. ஆகவே பிளஸ் டூவில் எடுக்க வேண்டிய முடிவு, அதற்கு முன் எந்த இளங்கலை என்பதே. இலக்கண ஆய்வு என்றால் பி.ஏ. தமிழோ ஆங்கிலமோ, கணினிப் பக்கம் என்றால் பி.எஸ்சி. கணினி அறிவியல். பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவருக்கு ஹைதராபாத் ஐஐஐடியில் கணினிப் பொறியியலும் கணினி மொழியியலும் சேர்ந்த இரட்டைப் பட்டம் உண்டு. தனி நுழைவுத் தேர்வு, கட்டணம் லட்சக் கணக்கில்.

திறக்கும் கதவுகள். மைசூரில் 1969 முதல் இயங்கும் இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம், அகராதிப் பணி, மொழித் தரவுத் திட்டங்கள். ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய பாஷிணி, சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் போன்றவை தமிழ்ப் பேச்சையும் எழுத்தையும் தரவாகச் சேர்த்து வருகின்றன. இங்கே தமிழ் இலக்கணமும் நிரலும் ஒருசேரத் தெரிந்தவருக்குத் தட்டுப்பாடு இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிந்தவர்களுக்குப் பெரும்பாலும் குறுகிய கால ஒப்பந்த வேலைதான். உச்சரிப்பைத் திருத்து, மொழிபெயர்ப்பைச் சரிபார் என்று திட்டம் முடியும் வரை ஓடும், பிறகு நின்றுவிடும்.

மறைந்திருக்கும் செலவு. மொழியியல் பட்டத்துக்குப் பள்ளியில் பதவியே கிடையாது. கல்லூரிகளில் துறைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். சொந்தக்காரர்களுக்கு என்ன படிக்கிறேன் என்று விளக்குவது தனி வேலை.

## 5. அண்டை மாநில மொழி ஒன்று

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இது சிலருக்கு மட்டுமே உரியது. ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ வீட்டில் பேசுகிறவர்கள், குமரி மாவட்டத்திலும் கூடலூரிலும் மலையாளம் பேசுகிறவர்கள், அந்த மொழியையே மேஜராக எடுத்தால் என்ன?

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றுக்கும் துறை உண்டு. எல்லை தாண்டினால் குப்பத்தில் 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம், ஹம்பியில் கன்னடப் பல்கலைக்கழகம், திரூரில் 2012இல் தொடங்கிய மலையாளப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டுக்குள் ஆசிரியர் பதவிகள் சிறுபான்மை மொழிப் பள்ளிகளில் மட்டுமே, எண்ணிக்கை குறைவு. அடுத்த மாநிலத்தில் வேலை தேடினால் அந்த மாநிலப் பிள்ளைகளோடு போட்டி, இருப்பிடச் சான்று என்று பல முட்டுக்கட்டை.

இலக்கிய மொழிபெயர்ப்பில் மட்டும் நிலைமை தலைகீழ். மலையாளத்தில் இருந்தோ கன்னடத்தில் இருந்தோ ஆங்கிலத்தைத் தொடாமல் நேரே தமிழுக்குக் கொண்டுவருகிறவர்கள் இன்றும் சிலரே. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் தமிழ் என்று வளர்ந்தவருக்கு இது கைவந்த சொத்து. ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வேறொரு சம்பளத்தோடு சேர்த்துச் செய்கிற வேலை.

## செம்மொழி என்பதால் வேலை வருமா?

இதையும் பலர் கேட்கிறார்கள். 2004இல் தமிழுக்குச் செம்மொழித் தகுதி கிடைத்தது. அதன் பயன் பெரும்பாலும் ஆய்வுநிலையில்தான்: சென்னையில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம், ஆய்வு உதவித்தொகைகள், செம்பதிப்புகள் (பல சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்திய பதிப்புகள்). பி.ஏ. முடித்தவர் கைக்கு அது நேரடியாக ஒன்றும் தருவதில்லை.

கல்வெட்டுப் பக்கமும் இதே நிலை. மாநிலத் தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பு நல்ல வாசல், இடம் குறைவு. 2020இல் ஒன்றியத் தொல்லியல் துறையின் பட்டயப் படிப்பு அறிவிப்பில் தகுதியுள்ள செம்மொழிகளின் வரிசையில் தமிழே விடுபட்டது, கண்டனம் எழுந்த பிறகு சேர்த்தார்கள். அறிவிக்கையை வரி வரியாகப் படியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கல்லூரி வேலை பற்றிய கனவுக்கும் ஒரு குறிப்பு. நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படை ஊதியம் 57,700. ஆனால் அந்த நாற்காலிக்கும் நெட் சான்றிதழுக்கும் நடுவில் பல ஆண்டு இருக்கும். இடைப்பட்ட காலத்தில் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக, தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு பதினோரு மாதம் வேலை பார்க்கிறவர்கள் ஏராளம். நெட்டும் பிஎச்.டி.யும் முடித்தவர்கள் அவர்களில் உண்டு. ஆய்வு வழியைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் இந்தப் பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படித்துவிட்டுப் பேச உட்காரட்டும்.

## ஒருவேளை நீங்கள் இப்படி இருந்தால்

தமிழ் வழியில் படித்தவர், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும், ஊரை விட்டுப் போக முடியாது: பி.ஏ. தமிழ், பி.எட்., முதல் ஆண்டில் இருந்தே டெட்டுக்கான சமூக அறிவியலும் ஆங்கிலமும். முதுகலையை வேலைக்குப் போன பிறகு தொலைநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பழைய நூல், சுவடி, கல்வெட்டு என்றால் ஓடிவருகிறவர், வீட்டில் எட்டுப் பத்து ஆண்டு பொறுக்கத் தயார்: ஒருங்கிணைந்த முதுகலை, குறி ஜேஆர்எப்.

கணிதமும் வரும், தமிழும் பிடிக்கும்: கணினி அறிவியல் இளங்கலை, பிறகு மொழியியல். இந்தக் கலவையில் வருகிறவர்கள் இன்னும் குறைவு, அதனால் என் கணிப்பில் அடுத்த சில ஆண்டுகளுக்கு இவர்களுக்குத்தான் பேரம் பேசும் பலம்.

எழுத்தாளர் ஆக வேண்டும் என்பதற்காகத் தமிழ்: வேண்டாம். எழுத மேஜர் தேவையில்லை, வாசிப்பும் ஒரு சம்பளமும் போதும். பிடித்த வேறு பாடம் இருந்தால் அதை எடுங்கள்.

விண்ணப்பம் போடும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் மொழி அல்லாத மேஜர்களுக்கு நான்கு பாட மொத்த மதிப்பெண்ணில் தரவரிசை போடுவார்கள். பி.ஏ. தமிழுக்கு பிளஸ் டூ தமிழ்த்தாள் மதிப்பெண்ணை வைத்துத் தனிப்பட்டியல். மொத்தத்தில் 260தான், ஆனால் தமிழில் 96 என்றால், ஊரிலேயே நல்ல கல்லூரியில் முதல் சுற்றில் இடம் கிடைக்கலாம். அதே நேரத்தில் பிளஸ் டூவில் மொழிப்பாடமாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவருக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. கலந்தாய்வில் மொழிப் பாடங்களுக்குத் தனி நாள் ஒதுக்குவார்கள். பொதுப்பட்டியல் நாளையும் தமிழ்ப்பட்டியல் நாளையும் குழப்பிக்கொண்டு இடத்தை விட்டவர்கள் ஆண்டுதோறும் உண்டு, தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.